ஃபைபர் உடலும் பீட்டில் எலும்பும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தாய்மாமா விட்டுச் சென்ற டியூன் பக்கி (மணலில் ஓட்டுவதற்கான கூரையில்லாத சிறு வண்டி) ஒன்று எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில் பதினைந்து ஆண்டுகளாக நிற்கிறது. மேலே ஃபைபர் கிளாஸ் உடல், கீழே ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் சேஸிஸ் என்னும் அடிச்சட்டம், பின்புறம் காற்றால் குளிரும் 1600 சி.சி. இன்ஜின். ஆரஞ்சு வண்ணம் வெளுத்துப் போய், உடல் முழுவதும் சிலந்தி வலை போன்ற கீறல்கள் தெரிகின்றன. கல்லூரியில் படிக்கும் மகனும் நானும் வார இறுதிகளில் இதைச் சீர்செய்ய விரும்புகிறோம். வண்ணம் அடிப்பதிலிருந்து தொடங்கலாமா?
– வாசகர், கொட்டிவாக்கம்

பதில்: பெயின்ட் டப்பாவை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு, மாமாவின் காகிதக் கட்டைப் பிரித்து ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். பீட்டிலின் சேஸிஸ் எண் பின் இருக்கைக்கு அடியில், நடுவே ஓடும் குழல் போன்ற முதுகெலும்பின் மீது பொறிக்கப்பட்டிருக்கும். இன்ஜின் எண் ஜெனரேட்டர் அமர்ந்திருக்கும் பீடத்துக்குக் கீழே, கிராங்க்கேஸில் இருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் இரண்டு இடங்களையும் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, அதில் உடல் வகை என்னவென்று எழுதியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்க அனுமதிப்பதில்லை. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஆர்.சி.யில் மூடிய உடல் கொண்ட கார் என்று இருந்து, கொட்டகையில் கூரையில்லாத பக்கி நிற்குமானால், அதைச் சாலையில் ஓட்டுவது சிக்கலாகும். 2021 ஜூலையில் வந்த பழம்பெரும் வாகன விதிகள், முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் தனிப் பதிவுக்கும் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட எண் பலகைக்கும் வழிசெய்தன என்பது உண்மைதான். ஆனால் சேஸிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியாக இருக்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்வதால், சேஸிஸை வெட்டிச் சுருக்கிக் கட்டப்படும் பக்கிக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது. உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. நகலையும் வண்டியின் புகைப்படத்தையும் காட்டி, நிலைமையைத் தெளிவுபடுத்திக்கொள்ளும் வரை ஒரு ரூபாய்க்கும் உதிரிபாகம் வாங்காதீர்கள். பதில் சாதகமாக இல்லையென்றால், தனியார் இடத்தில் மட்டும் ஓட்டி மகிழும் வண்டியாக இதை வைத்துக்கொள்ள மனம் ஒப்புகிறதா என்பதைத் தந்தையும் மகனும் பேசி முடிவெடுங்கள். நானாக இருந்தால் அப்போதும் வேலையைத் தொடங்குவேன்.

இனி வண்டிக்கு வருவோம். சேஸிஸை எங்கே வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்பது தெரிந்தால்தான் எதைச் சோதிக்க வேண்டும் என்பது விளங்கும். கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் ஃபைபர் கிளாஸ் படகு கட்டும் தொழிலில் இருந்த புரூஸ் மேயர்ஸ், 1964இல் மணலில் ஓடுவதற்காக ‘மேயர்ஸ் மேங்ஸ்’ என்ற முதல் ஃபைபர் பக்கியை உருவாக்கினார். படகு கட்டுகிறவரின் கை அதில் நன்றாகவே தெரியும். நம் காசிமேட்டில் ஃபைபர் படகு செய்கிறவர்கள் அந்த உடலைப் பார்த்தால், விளிம்பைச் சுருட்டியிருக்கும் விதத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். முதலில் செய்த சில வண்டிகளுக்குப் பின், செலவைக் குறைக்கப் பீட்டிலின் தரைத்தட்டையே அடித்தளமாகக் கொண்டு உடலை மட்டும் விற்கத் தொடங்கினார். பீட்டிலின் முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2,400 மி.மீ.; அதில் பதினாலேகால் அங்குலத்தை, அதாவது சுமார் 362 மி.மீ. நீளத்தை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு துண்டுகளையும் வெல்டிங் வைத்து இணைக்க வேண்டும். காப்புரிமை வழக்கில் அவர் தோற்றுப்போனதால் இதே வடிவத்தைப் பல நாடுகளில் பலர் நகலெடுத்தார்கள். ஆகவே உங்கள் வண்டியின் உடலை வார்த்தவர் யாராகவும் இருக்கலாம், வெல்டிங் வைத்தவரும் யாராகவும் இருக்கலாம். உடலை வார்த்தவர் யாரென்று தெரியாமல் போனால் ஒன்றும் கெட்டுவிடாது. வெல்டிங்கை மட்டும் நம்பிக்கையின் பேரில் விட்டுவிட முடியாது, ஏனென்றால் உங்கள் உயிர் அந்த ஒரு கோட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

உடலைக் கழற்றுவது அச்சப்பட வேண்டிய வேலையில்லை. சுற்றிலும் உள்ள போல்ட்டுகளையும் ஒயர்களையும் ஸ்டியரிங் இணைப்பையும் எடுத்துவிட்டால், நான்கு பேர் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். பின் இருக்கைக்கு முன்னே குறுக்கு வாட்டில் ஓடும் வெல்டிங் கோட்டைக் கண்டுபிடித்து, கம்பி பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்துப் பாருங்கள். கோடு சீராக, இரண்டு பக்க இரும்பையும் உருக்கிப் பிடித்ததாக இருந்தால் நல்லது. மெழுகு சொட்டியதுபோல் மேலே மட்டும் ஒட்டிக்கொண்டு, ஓரத்தில் மயிரிழை போன்ற பிளவு தெரிந்தால், வண்டிச் சேஸிஸ் வெல்டிங்கில் அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்து முழுவதும் எடுத்துப் புதிதாக வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு சிறு சுத்தியால் தரைத்தட்டு முழுவதையும் சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று ஒலிக்கும். உளுத்த இரும்பில் ஓசை ‘பொத்’தென்று செத்து விழும். பேட்டரி வைக்கும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தால், அமிலமும் கொட்டிவாக்கத்து உப்புக் காற்றும் சேர்ந்து என்ன செய்திருக்கின்றன என்பது புரியும். பெரும்பாலும் அந்த மூலையை வெட்டி எடுத்துப் புதிய தகடு வைக்க வேண்டியிருக்கும்.

சேஸிஸைச் சுருக்கும்போது உள்ளே ஓடும் கியர் கம்பியையும் அதே அளவுக்குச் சுருக்கி வெல்டிங் வைத்திருப்பார்கள். கியர் விழுவது கரகரவென்றிருந்தால், கியர் பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன் அந்தக் கம்பி கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அதே வண்டியைப் பற்றி மேலும் இரண்டு சந்தேகங்கள். இன்ஜினுக்குப் புதிய பேட்டரி வைத்து ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? பிரேக்கை நாங்களே பார்க்க முடியுமா? உதிரிபாகங்கள் புதுப்பேட்டையில் கிடைக்குமா?
– அதே வாசகர்

பதில்: இரண்டு என்று சொல்லி மூன்று கேட்டிருக்கிறீர்கள், பரவாயில்லை.

பதினைந்து ஆண்டுகள் நின்ற இன்ஜினைப் பேட்டரியால் சுழற்றக் கூடாது. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு துருவால் ஒட்டிக்கொண்டிருந்தால், ஸ்டார்ட்டர் கொடுக்கும் முதல் உதையிலேயே வளையம் முறியும். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, அடியில் உள்ள கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். அசையவில்லையென்றால் பலம் காட்டாமல் மீண்டும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். தாராளமாகச் சுழல ஆரம்பித்த பிறகு, பழைய ஆயிலை வடித்து, அடியில் உள்ள கம்பி வலையைக் கழுவி, புதிய ஆயில் இரண்டரை லிட்டர் ஊற்றுங்கள். இந்த இன்ஜினில் ஆயில் ஃபில்ட்டர் கிடையாது; அந்த வலை ஒன்றுதான் காவல் என்பதால், 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொன்றையும் மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். இந்த இன்ஜினின் கிராங்க்கேஸ் மக்னீசியக் கலவையால் ஆனது. கிரைண்டர் வைத்து அதைச் சுரண்டக் கூடாது. விழும் தூள் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, ஊற்றினால் இன்னும் மூர்க்கமாக எரியும். ஒரு வாளி காய்ந்த மணல் கொட்டகையில் எப்போதும் இருக்கட்டும்.

பிரேக் வேலையை வீட்டில் செய்யலாம், பொறுமை இருந்தால். வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள் மூன்றையும் சோதிக்காமலேயே மாற்றிவிடுங்கள். பதினைந்து ஆண்டுப் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உள்ளேயே துருவை வளர்த்திருக்கும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்து ஊதாமல், ஈரத் துணியால் துடைத்துத் துணியைப் பைக்குள் கட்டி எறியுங்கள். பின் டிரம்மைப் பிடித்திருக்கும் 36 மி.மீ. நட்டை முறுக்கும் அளவு ஏறத்தாழ 300 நியூட்டன் மீட்டர். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் ஒரு மீட்டர் நீளக் குழாயின் நுனியில் 30 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். பூட்டு ஊசி நுழையும் துளை நேராக வரவில்லையென்றால் நட்டை இன்னும் சற்று இறுக்குங்கள், ஒருபோதும் தளர்த்தாதீர்கள். இந்த நட்டு தளர்ந்தால் டிரம்மின் உட்பற்கள் தேய்ந்து, ஒரு நாள் இன்ஜின் சுழலும், சக்கரம் நின்றுவிடும்.

புதுப்பேட்டையில் பல்பு, சுவிட்ச், ஹோஸ், கிளிப் போன்ற பொதுவான சாமான்கள் கிடைக்கும். பேரிங் வேண்டுமானால் பழைய பேரிங்கைக் கழுவி, விளிம்பில் உள்ள எண்ணை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். காரின் பெயரைச் சொன்னால் கைவிரிப்பார்கள், எண்ணைக் காட்டினால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பீட்டிலுக்கே உரிய பாகங்களுக்கு வெளிநாட்டைத்தான் நம்ப வேண்டும். உலகெங்குமாக 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல், கடைசியாக மெக்சிகோவில் 2003 வரை தயாரான கார் அது என்பதால், இன்றும் அதற்குப் புதிய பாகங்களைச் செய்து விற்கிறார்கள். சுங்கவரியையும் கூரியர் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, தேவையான எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஒரே முறையாக வரவழையுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள பழைய காரின் ஃபைபர் பானெட்டை நானே ஒட்டிப் பார்த்தேன். குவளையில் கலந்த ரெசின் ஐந்து நிமிடத்தில் புகைந்து, கல்லாக இறுகிவிட்டது. கடைக்காரர் சொன்ன அளவில்தான் ஹார்டனர் விட்டேன். எங்கே தவறு?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: குவளையில்தான். கொட்டிவாக்கம் வாசகரும் இதைப் படித்துக்கொள்ளட்டும். அவருக்கு உடல் வேலை வரும்போது இதே இடத்தில்தான் வந்து நிற்பார்.

ரெசின் இறுகும்போது தானே வெப்பத்தை வெளியிடுகிறது. ஆழமான குவளையில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் நடுவில் தேங்கி, இறுகுவதை இன்னும் விரைவுபடுத்துகிறது. கால் கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காமல், அகலமான பழைய தட்டில் மெல்லியதாகப் பரப்பி வைத்து வேலை செய்தால், அதே கலவை உங்களுக்கு இருமடங்கு நேரம் தரும். கடைக்காரர் 2 சதவீதம் என்று சொல்லியிருக்கக்கூடும். சித்திரை வெயிலில் 1 சதவீதமே போதும், அதையும் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம்; ஈரம் ஏறிய ‘மேட்’டில், அதாவது கண்ணாடி இழை விரிப்பில், ரெசின் சரியாக ஊறாது.

ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டைத் தனியாக வாங்கியிருந்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை. அதை முதலில் ரெசினோடு முழுவதும் கலக்கிய பிறகே ஹார்டனரை விட வேண்டும். கோபால்ட்டும் ஹார்டனரும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டில்களையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

கொட்டிவாக்கத்து வண்டியில் உள்ளது போன்ற சிலந்தி வலைக் கீறல்களைப் பொறுத்தவரை, பலரும் அவற்றின் மேல் பட்டி பூசி மறைத்து வண்ணம் அடித்துவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் அதே வலை அதே இடத்தில் மீண்டும் தெரியும். கீறல்கள் எந்த இடத்தை நோக்கிக் குவிகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு போல்ட் துளையோ, யாரோ ஏறி உட்கார்ந்த விளிம்போ அங்கே இருக்கும்; அங்கே உடல் வளைந்து கொடுப்பதால்தான் மேல்பூச்சு வெடிக்கிறது. முதலில் உட்புறத்தைச் சுரண்டி, 450 கிராம் மேட் இரண்டு அடுக்கு வைத்து வலுவாக்குங்கள். ஒரு சதுர மீட்டர் மேட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ரெசின் பிடிக்கும். பிரஷ்ஷால் இழுக்காமல் குத்திக் குத்தி, வெண்மை மறைந்து கண்ணாடி போலத் தெளியும் வரை காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகுதான் வெளிக்கீறலை ‘வி’ வடிவில் திறந்து நிரப்புவது, தேய்ப்பது எல்லாம். முகமூடியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் ஃபைபரைத் தேய்த்தவர்களுக்கு அன்றிரவு உறக்கம் இருக்காது, அப்படி ஓர் அரிப்பு.

கேள்வி: எனது ஃபைபர் உடல் காரில் வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்கு மங்கலாக மினுக்குகிறது, ஹார்ன் அடித்தால் முன்விளக்கு மங்குகிறது. மூன்று எலக்ட்ரீஷியன்கள் பார்த்தும் சரியாகவில்லை.
– வாசகி, புரசைவாக்கம்

பதில்: இரும்பு உடல் கொண்ட காரில் விளக்கின் ஒரு முனைக்கு மட்டுமே ஒயர் வரும், மின்சாரம் திரும்பிச் செல்வதற்கு உடலே பாதை. ஃபைபரில் மின்சாரம் பாயாது. எர்த் ஒயர் துருவேறி விடுபட்ட விளக்கு, தன் மின்சாரத்தைத் திருப்பி அனுப்ப வழி தேடி, பக்கத்து விளக்கின் இழை வழியாகப் புகுந்து போகிறது. நீங்கள் காணும் மினுக்கல் அதுதான். நான் தொழிலுக்கு வந்த புதிதில் இப்படியொரு வண்டியில் இரண்டு முழு நாட்களை வீணடித்து, ஃபிளாஷரையும் சுவிட்சையும் மாற்றி, வாடிக்கையாளரிடம் தேவையில்லாத செலவும் வைத்துவிட்டு, கடைசியில் பின்விளக்கின் அடியில் பச்சை பூத்துப்போன ஒரு கறுப்பு ஒயரைக் கண்டுபிடித்தேன்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு நீண்ட ஒயரை எடுத்து, மின்விளக்கின் உலோக உடலில் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் விளக்கு பளிச்சென்று எரிந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. நிலையான தீர்வுக்கு, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு செம்புப் பட்டைகளைப் பொருத்தி, ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனித்தனியே எர்த் ஒயர் கொண்டுவந்து அவற்றில் இணைத்து, பட்டையிலிருந்து தடிமனான ஒயரைச் சேஸிஸுக்கும் பேட்டரிக்கும் கொடுங்கள். ஹார்னுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: 1968ஆம் ஆண்டுப் பீட்டில் வைத்திருக்கிறேன். அண்ணா சாலை நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் இன்ஜின் சூடாகி இழுவை குறைகிறது. பெட்ரோல் வாடையும் வருகிறது. இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகள் துருப்பிடித்திருந்ததால், போன ஆண்டு ஒரு பட்டறையில் கழற்றி எறிந்துவிட்டார்கள்.
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: கடைசி வாக்கியத்தில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தத் தகடுகள் அலங்காரம் அல்ல. மேலே உள்ள விசிறி தள்ளும் காற்றைச் சிலிண்டர்களின் இதழ்களுக்கு நடுவே செலுத்துவதும், சூடான காற்று மீண்டும் விசிறிக்குள் போகாமல் தடுப்பதும் அவைதான். முக்கியமாக, சிலிண்டர்களுக்கு அடியில் பொருத்தும் சிறு வளைதகடுகள் இல்லையென்றால் காற்று எளிய வழியில் நழுவிப்போய், சிலிண்டரின் கீழ்ப்பாதி வெந்துகொண்டே இருக்கும். 1971க்கு முந்தைய இன்ஜின்களில் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே மூன்றாம் சிலிண்டருக்கு மேலே நிற்பதால், அந்தச் சிலிண்டருக்குக் காற்று ஏற்கெனவே குறைவு. முதலில் எரியும் வால்வு அதனுடையதாகவே இருக்கும். இன்ஜின் முழுவதும் ஆறிய நிலையில் வால்வு இடைவெளி 0.15 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். பக்கி வைத்திருப்பவர்கள் இன்ஜின் வெளியே தெரிவது அழகென்று இந்தத் தகடுகளைக் கழற்றிவிடுவது உலகெங்கும் உள்ள பழக்கம். கொட்டிவாக்கத்து வண்டியிலும் அவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பெட்ரோல் வாடையை அலட்சியம் செய்யாதீர்கள். இன்று நம் பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ்களும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமும் அதில் ஊறி, உப்பி, வெடிப்பு விடும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களாக மாற்றுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலியாக்கிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து, நாளடைவில் தண்ணீராக அடியில் தங்கிவிடும்.

கேள்வி: டியூன் பக்கி என்பதே மணலுக்கானதுதானே? சீர்செய்து முடித்தபின் பெசன்ட் நகருக்கும் நீலாங்கரைக்கும் இடையே, இரவில் ஆளில்லாத நேரத்தில் கடற்கரையில் ஓட்டிப் பார்க்கலாமா?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: கூடாது. நீங்கள் சொல்லும் அதே மணலில், ஆளில்லாத அதே நேரத்தில்தான் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. முட்டைகள் ஒன்றரை அடி ஆழத்தில்தான் இருக்கும்; அகலமான பின் டயர் ஒருமுறை மேலே ஏறி இறங்கினால் குழி நசுங்கிவிடும். பொரித்து வெளிவரும் குஞ்சுகளுக்கோ டயர் தடம் ஒரு பள்ளத்தாக்கு. அதிலிருந்து ஏற முடியாமல், விடிந்ததும் காக்கைகளுக்கு இரையாகும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் அது. நண்பர் யாருக்காவது செங்கல்பட்டுப் பக்கம் தரிசு நிலம் இருந்தால், அவரிடம் அனுமதி கேட்டு, சீட் பெல்ட்டையும் தலைக்கு மேலே வளைந்த இரும்புக் குழாயையும் பொருத்திக்கொண்டு, பகலில் போய் ஓட்டுங்கள்.